எட்டாத கொக்கி

மெர்லின் மறுபடியும் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. அது முகத்துக்கு வராமல் கழுத்தோடு நின்றுவிட்டதாகச் சண்முகக்கனிக்குத் தோன்றியது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். இந்தப் புழுக்கத்தில் போர்த்திக்கொண்டு நின்றால் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள் என்று உடனே பட்டது. கொஞ்சம் தளர்த்தினாள். முன்சீப் கோர்ட்டின் வாசலில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிற்பதுதான் அவள் உத்தியோகம். உள்ளேயிருந்து பெஞ்ச் கிளார்க் வழக்கைச் சொல்ல, அவள் வராந்தாவைப் பார்த்து வாதி, பிரதிவாதி பெயர்களைக் கூப்பிடுவாள். ஆர்டரில் அலுவலக உதவியாளர் என்று போட்டிருந்தாலும் ஊருக்கு அவள் டவாலியம்மா. கூப்பிட்டால் ஸ்டாம்ப் விற்கிற கொட்டகை, ரோட்டோர டீக்கடை எல்லாம் தாண்டிக் கேட்கும். டவாலியம்மா கூப்பிட்டால் செத்த பிரதிவாதியும் எழுந்து வருவான் என்று வக்கீல்கள் சிரிப்பார்கள். இப்போது வாய்தாவுக்கு வந்தவர்கள் வாசலை ஒட்டியே நெருக்கியடித்து நிற்கிறார்கள். கேட்டால் வெயில் என்பார்கள். வெயில் என்ன இந்த வருஷம்தான் புதிதாக வந்ததா. தள்ளி நின்றால் கேட்காதென்று தெரிந்துதான் நிற்கிறார்கள். யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். "பரமசிவம் மகன் கொம்பையா" என்று கூப்பிட்டாள். கொம்பையாவின் நடுவில் குரல் பிளந்து வெறும் காற்று போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள். அது அவள் குரலே இல்லை. பீடி குடித்துக் குடித்து நெஞ்சு காய்ந்துபோன எவனோ ஒருவன் அவள் வாய்க்குள் உட்கார்ந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கூட்டத்திலிருந்து கொம்பையா தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். போகிற போக்கில் அவரும் பார்த்தார்.

தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கோயில் கொடை முடிந்த கையோடு கட்டிய தொண்டை. மூன்று நாளும் மைக்செட் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திப் பேசினால் கட்டாதா? சரி, கொடை முடிந்து வைகாசி போய் ஆனியும் பிறந்துவிட்டதே என்று உள்ளே ஒன்று கேட்டது. அதை அவள் கவனிக்காத மாதிரி வராந்தாவைப் பார்த்தாள். மிளகு போட்டுப் பால் குடித்தாயிற்று. பனங்கல்கண்டு வாயில் ஒதுக்கியாயிற்று. மருந்துக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு சிவப்பு டானிக்கும் ஆயிற்று. அந்தக் கடைக்காரர் டானிக்கை எடுத்துத் தரும்போது, ரொம்ப நாளா இப்படியா இருக்கு, டாக்டர்ட்ட காட்டுங்கம்மா என்றாரே, அவருக்கு எதற்கு அந்த அக்கறை? டாக்டரிடம் அனுப்பினால் அவருக்கு என்ன வரும்? ஏதாவது வரும். வராமல் எவனும் எதுவும் சொல்லமாட்டான். கோர்ட் வாசலில் நின்றே பாதி வயசு போய்விட்டது, அவளுக்குத் தெரியாதா. அண்ணன் தம்பிகள் ஒரே சுவருக்காக அடித்துக்கொண்டு வருவார்கள்; இரண்டு பேருமே சத்தியம் செய்வார்கள்; இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வரும். யாரோ ஒருவன் பொய். இங்கே வேலைக்கு வந்த புதிதில் எல்லாவற்றையும் நம்பி, சாயங்காலம் வீட்டில் போய் அழுதுகொண்டிருந்தாள். இப்போது ஒருத்தர் நல்லவிதமாகப் பேசினால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன மறைந்து நிற்கிறதென்றுதான் கண் முதலில் போகிறது. மெர்லின் போன வாரம் கேட்டாள், அக்கா, உங்க குரலுக்கு என்னாச்சு என்று. ஏன் கேட்டாள்? மெர்லினின் சித்தி மகள் ஒருத்தி வேலை இல்லாமல் வீட்டில் இருக்கிறாள். குரல் போன டவாலியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ரெக்கார்டு ரூமுக்குப் போட்டுவிடுவார்கள், கட்டுகளைத் தூசி தட்ட. வாசலில் வேறொருத்தி நிற்பாள். மெர்லின் மறுபடியும் பார்த்தாள். இல்லை, இந்தத் தடவை நிச்சயமாகக் கழுத்தைத்தான்.

பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். இறங்கும்போது அது கூடவே மேலே ஏறி இறங்கியது. தண்ணீர் போகிற வழியில் யாரோ தோளால் இடித்துவிட்டுப் போகிற மாதிரி. சோறும் இப்போது அப்படித்தான். காய்ந்த சப்பாத்தி என்றால் இன்னும் மோசம், நெஞ்சுக்கு மேலேயே நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. வலி இல்லை. ஒரு பொட்டு வலி இல்லை. வலி இருந்தால் நோய். வலி இல்லாவிட்டால் சதை. அத்தையொருத்திக்குக் கழுத்தில் விளாங்காய் அளவு கழலை தொங்கியது; அதோடேயே பிள்ளை பெற்று, பேரன் கல்யாணமும் பார்த்துவிட்டுத்தான் போனாள். அந்தக் கழலையைச் சின்ன வயசில் தொட்டுப் பார்த்திருக்கிறாள். மெத்தென்று, பஞ்சு வைத்துத் தைத்தது மாதிரி இருந்தது. இது அப்படியில்லை. இது. விரல் தானாகவே முந்தானைக்குள் போயிற்று. குரல்வளைக்குக் கீழே, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி. பெரிய நெல்லிக்காய். போன மாதம் சின்ன நெல்லிக்காய் என்று நினைத்தது ஞாபகம் வந்தது, அதனால் இப்போது பெரியது என்று நினைக்கக்கூடாது என்று தீர்மானித்துக்கொண்டாள். ஆனால் நெல்லிக்காய் என்பதே தப்பு. நெல்லிக்காய் அமுக்கினால் கொஞ்சம் கொடுக்கும். இது கல். யாரோ பார்க்கிறார்கள் என்று விரலை எடுத்து, சங்கிலியைச் சரி செய்கிற பாவனையில் தோளுக்குக் கொண்டுபோனாள். சங்கிலி. அந்த நெக்லஸ் விஷயத்தை நினைத்தாலே உடம்பெல்லாம் எரிகிறது.

மதினி செய்த வேலை அது. சுந்தரி மதினி, சண்முகக்கனியின் வீட்டுக்காரர் சீனிராஜின் அக்கா, ஏதோ சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டுமென்று தை மாதத்தில் அந்த நெக்லஸை வாங்கிப் போனாள். கழுத்தை ஒட்டினாற்போலக் கிடக்கிற நகை. பின்பக்கம் கொக்கி மாட்ட வரிசையாகச் சின்ன வளையங்கள் இருக்கும். கனிக்கு எப்போதும் நடு வளையம்தான் கணக்கு. மதினி திருப்பிக் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து மதினி பேத்தியின் காதுகுத்துக்குக் கனி அதைப் போட்டால், கொக்கி நடு வளையத்துக்கு எட்டவில்லை. கடைசி வளையத்துக்கே இழுத்துப் பிடித்து மாட்ட வேண்டியிருந்தது. மாட்டிவிட்டதும் மதினிதான். மாட்டிவிட்டு முன்னால் வந்து பதக்கத்தை நேராக்கியவள், கையை எடுக்காமல் அப்படியே கனியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. திருட்டு முழி. அந்த நிமிஷமே கனிக்கு விளங்கிவிட்டது, இவள் கண்ணிகளை வெட்டியெடுத்திருக்கிறாள். கனி, ஒண்ணு சொல்லணும் என்று மதினி ஆரம்பித்தாள். என்ன சொல்லப் போகிறாள், அறுந்துபோச்சு, தட்டானிடம் கொடுத்தேன், அவன் சேர்க்கும்போது குறைந்துபோச்சு, அதைத்தானே. முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை. அதிலிருந்து மதினியின் போனை எடுப்பதில்லை. ஆனால் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நெக்லஸை எடுத்துப் பாயில் நீட்டி வைத்து, அது வாங்கியபோது வந்த பெட்டியின் வெல்வெட் பள்ளத்தில் பதித்துப் பார்த்தாள். அச்சாக உட்கார்ந்தது. ஒரு கண்ணி கூடவுமில்லை, குறையவுமில்லை. பெட்டியையும் மாற்றிவிட்டாளோ என்று ஒரு கணம் நினைத்து, தன் நினைப்பைப் பார்த்துத் தனக்கே பயம் வந்தது. நகை குறையவில்லையென்றால். அதற்கு மேல் போகாமல் பெட்டியை மூடிவிட்டாள். மூடிய பிறகும் மதினி மேலிருந்த கோபத்தை விட மனம் வரவில்லை. அதை விட்டால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சின்னத்தாய் அம்மாள்" என்றார் பெஞ்ச் கிளார்க், இரண்டாவது தடவையாகப் போலிருக்கிறது. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீதிபதி அம்மாவும் பேனாவை நிறுத்தியிருந்தார். கூப்பிட்டாள். சின்னத்தாய் வரவில்லை, அவளுடைய வக்கீல் எழுந்து ஏதோ மனு என்றார், தப்பித்தது. வியர்வை முதுகில் ஒரே கோடாக இறங்கியது. ரத்தம் பார்த்தாயிற்று என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சமுதாயக்கூடத்தில் நடந்த முகாமில் தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். நார்மல் என்று தாளில் போட்டிருந்தது. அந்தத் தாளை மடித்துக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். பஸ்ஸில், சமையலறையில், பயம் வரும்போதெல்லாம் நார்மல் என்ற அந்த ஒரு சொல்லை மனதுக்குள் எடுத்துப் பார்ப்பாள். ஆனால் அன்றைக்கு ரத்தம் எடுத்த பெண்ணிடம் கழுத்தைக் காட்டவில்லையே. முந்தானையைப் போர்த்திக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாள். ஏன் போர்த்திக்கொண்டாள்? காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள், குளிர்ந்தது. குளிர்ந்ததா? சித்திரை மாதத்தில் குளிர்ந்ததாம். கூண்டில் ஏறி நிற்கிறவர்கள் இப்படித்தான் உளறுவார்கள். குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் இந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சரிம்மா, குளிர்ந்தது என்று சொல்கிறீர்கள், என்று மெதுவாக ஆரம்பிப்பார். அதோடு அவர்கள் கதை முடிந்தது. கனிக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

சீனிராஜ் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வீட்டில்தான். வீட்டில் தனியாக. போனில். முந்தாநாள் அவள் குளித்துவிட்டு வந்தபோது பின்வாசலில் நின்று தணிந்த குரலில், அவகிட்ட நான் எப்படிக்கா சொல்லுவேன், நீயே வந்து சொல்லு என்றார். அவளைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு வெளியே என்னவோ வேலை இருப்பது போலப் போனார். எதைச் சொல்ல? அக்காவும் தம்பியும் சேர்ந்து அவளிடம் சொல்ல முடியாதது எது? வீட்டை விற்கப் போகிறார்களா? வேறெங்காவது ஒரு தொடுப்பா? சீச்சீ, அவருக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது. ஆனாலும் சாப்பிடும்போது பார்க்கிறார். அவள் தண்ணீர்ச் செம்பை எடுத்தால் அவர் கை தட்டிலேயே நின்றுவிடுகிறது. குடித்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு, பிறகு சோற்றைப் பிசைகிறார். அது எதற்கான பார்வை? இவள் இன்னும் எத்தனை நாளைக்கு என்று கணக்குப் போடுகிறவன் பார்வையா? இந்த மாதத்தில் ஒரு நாள்கூட அவர் கை அவள் கழுத்துப் பக்கம் வரவில்லை. முன்பெல்லாம் முடியை ஒதுக்கிவிடுகிற சாக்கில் வரும். பயப்படுகிறார். அல்லது அருவருக்கிறார். இரண்டில் எது என்று தெரிந்தால்கூடப் பரவாயில்லை. அவரிடம் கேட்கலாம். கேட்டால் அவர் பதிலுக்குக் கேட்பார். அவர் கேட்டால் சொல்ல வேண்டியிருக்கும். சொன்னால் டாக்டர். டாக்டர் என்றால் ஒரு பெயர். அந்தப் பெயரை யாராவது ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டால் அப்புறம் அது வந்து நிற்குமே. கூப்பிடாதவரைக்கும் அது வராந்தாவில் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் இருக்கும், யாரோ எவரோ மாதிரி.

மத்தியான இடைவேளைக்குக் கோர்ட் எழுந்தது. கனி வாசலை விட்டு விலகிச் சுவரோரமாக நின்றாள். அப்போதும் மெர்லின் தலையைத் தூக்கி, முன்பு பார்த்த அதே இடத்தையே பார்த்தாள். அங்கே கனி இல்லை. வாசலுக்கு மேலே கடிகாரம்தான் இருந்தது. மெர்லின் பெருமூச்சு விட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்தாள். "கடிகாரத்தையாடி பாத்துக்கிட்டு இருந்த?" என்று கேட்டாள் கனி. "ஆமக்கா. காலையில சாப்பிடல, பசி உயிர் போகுது" என்றாள் மெர்லின். மெர்லின் பார்க்கவில்லை. அப்படியானால் காலையிலிருந்து கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தது யார்?

வெளியே வந்தால் மரத்தடியில் மஞ்சள் வேன் நின்றது. இந்நேரத்துக்கு அது இங்கே வரக்கூடாது. சீனிராஜ் இறங்கி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் சுந்தரி மதினி. ஆக, இரண்டு பேருமாக வந்துவிட்டார்கள். கனி நேராக மதினியிடம் போனாள்.

"நெக்லஸ் விஷயமாத்தான வந்திருக்கீக?"

"நெக்லஸா?" மதினி ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "என்னட்டி சொல்லுத? அன்னைக்குப் பதக்கத்தை நேராக்கையில என் கையில தட்டுப்பட்டுச்சு, கனி. கல்லு மாதிரி. சொல்ல வாயெடுத்தேன், நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்ட. போன் போட்டா எடுக்க மாட்டுக்க. அதான் இவன்ட்டச் சொன்னேன்."

கனி புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"அக்கா சொல்லுததுக்கு முன்னாடியே தெரியும்" என்றார் அவர், வேன் கதவைப் பார்த்துக்கொண்டு. "நீ தண்ணி குடிக்கையில அது மேல போயிட்டுக் கீழ வருது. தினமும் பாக்கேன்."

"தினமும் பாத்துட்டுச் சும்மா இருந்தீகளாக்கும்?"

"நீ என்னைக்காவது சொல்லுவன்னு இருந்தேன். நாமளா கேட்டா அது நெசமாயிருமோன்னு ஒரு இது." துண்டை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோனார். "நீயும்தான் சொல்லல."

சண்டை போட வேண்டும் போலிருந்தது. மதினியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அவர்கள் மேல் இத்தனை நாள் அடுக்கி வைத்ததெல்லாம் ஒன்றும் இல்லாமல் சரிந்ததில் கை வெறுமையாகிவிட்டிருந்தது. உள்ளே போய் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து வேனில் ஏறினாள்.

டாக்டர் நூர்ஜஹான் அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, தண்ணீரைக் கையில் கொடுத்து, குடிக்கச் சொல்லிப் பார்த்தார். பின்னால் வந்து நின்று இரண்டு கை விரல்களாலும் கழுத்தைத் தடவிக்கொண்டே போனார். கனியின் விரல் இதுவரை போகாத ஓர் இடத்தில், காதுக்குக் கீழே பக்கவாட்டில், அவருடைய விரல் நின்றது. "இங்கயும் சின்னதா ஒண்ணு இருக்கே, தெரியுமா?" தெரியாது என்று தலையாட்டினாள். குரல் எப்போதிருந்து, விழுங்கச் சிரமமா, மூச்சு முட்டுகிறதா, வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனார். கனி கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

"ரத்தத்துல நார்மல்னு போட்டிருக்கே டாக்டர்."

"அது சுரப்பி ஒழுங்கா வேலை செய்யுதான்னு மட்டும்தான்மா சொல்லும். அதுக்குள்ள கட்டி இருந்தா அது என்ன கட்டின்னு சொல்லாது."

"வலியே இல்லையே."

"வலி இல்லாததாலதான் எல்லாரும் இவ்வளவு லேட்டா வர்றீங்க. கழுத்துல கட்டின்னு வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல ஒண்ணும் இருக்காது, பயப்பட வேண்டாம்னு அனுப்பிடுவேன். ஆனா கட்டி வளந்துக்கிட்டே வந்து, கெட்டியாவும் இருந்து, குரலும் மூணு வாரத்துக்கு மேல சரியாகலைன்னா வீட்டுல உக்காந்து மிளகுப்பால் குடிச்சிட்டு இருக்கக்கூடாது. வந்து காட்டிடணும்."

டாக்டர் சிரித்தார். கனிக்கு அந்தச் சிரிப்பின் மேலும் சந்தேகம் வந்தது. "மறைக்காமச் சொல்லுங்க. கேன்சரா?"

சிரிப்பு நின்றது. "எனக்குச் சந்தேகம் இருக்கு" என்றார் டாக்டர். "சந்தேகம்தான். ஸ்கேன் பாத்து, சின்ன ஊசியால கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத் தெரிஞ்சுடும். இன்னைக்கே செய்யலாம்."

கனி அழுவாள் என்றுதான் மதினி அவள் தோளைப் பிடித்தாள். அவள் அழவில்லை. இத்தனை மாதமாக அவள் ஒருத்தியே முந்தானைக்குள் பொத்திக்கொண்டு சுமந்ததை வேறொருத்தர் கையில் வாங்கி, வெளிச்சத்தில் வைத்து, ஆமாம், எனக்கும் அப்படித்தான் படுகிறது என்று சொல்லிவிட்டார். கோர்ட்டில் இத்தனை வருஷத்தில் யாரும் யாரிடமும் இவ்வளவு நேராகச் சொல்லி அவள் கேட்டதில்லை. பயம் போகவில்லை. ஆனால் அது இப்போது ஓர் இடத்தில் நின்றது. முன்பு போல எல்லோர் முகத்திலும் மாறி மாறிப் போய் ஒட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் முடிவு வரும். அது அந்தப் பெயரைத்தான் சொல்லும். பெரியாஸ்பத்திரியில் சுரப்பியை முழுவதும் எடுப்பார்கள், கழுத்துப் பக்கத்திலிருந்த சின்னதையும் சேர்த்து. இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடும் என்பார்கள், அது பொய்யாகாது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுவதும். குரல் திரும்பி வரும், பழையபடி டீக்கடை தாண்டி மட்டும் எட்டாது; இன்னும் முன்னதாக வந்திருந்தால் குரலுக்குப் போகிற நரம்பு தப்பியிருக்கலாம் என்று ஒரு டாக்டர் சொல்வார். மதினிதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்து கஞ்சி ஊட்டுவாள். அதெல்லாம் பிறகு. இப்போது, ஊசி போட்ட இடத்தில் பஞ்சை ஒட்டிக்கொண்டு, கனி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மதினி மருந்து வாங்கப் போயிருக்கிறாள். சீனிராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் இடது கையை எடுத்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனாள். கை பின்வாங்கப் பார்த்தது, விடவில்லை.

"தொட்டுப் பாருங்க" என்றாள், அந்த உடைந்த குரலில். "பஞ்சுக்குக் கீழ. ஒண்ணும் செய்யாது."

அவர் விரல் மெதுவாக வந்து அதன் மேல் நின்றது. அவர் கண் நிறைந்து ரோடு மறைந்திருக்க வேண்டும். வேன் நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனாலும் காலைப் பிரேக்கில் அழுத்தி வைத்திருந்தார்.